ஒரே மலைக்கு மூன்று பதில்கள்

2024 ஜூலை 29 அன்று வயநாட்டின் மேப்பாடி மலைகளைப் பற்றி மூன்று இடங்களிலிருந்து மூன்று விதமான சேதி வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்திருந்தது: 24 மணி நேரத்தில் 115 முதல் 204 மி.மீ. வரை மழை பெய்யலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அப்போது சோதனை முறையில் வெளியிட்டுவந்த நிலச்சரிவு அறிக்கை, வயநாட்டுக்கு அடுத்த இரண்டு நாளுக்குப் பச்சை காட்டியதாக அன்றைய கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் பிறகு சொன்னார். கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் சூழலியல் மையமோ, மாவட்டமெங்கும் பரப்பி வைத்திருக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகளின் கணக்கைப் பார்த்துவிட்டு, மலை சரியக்கூடும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் முன்பே தெரிவித்ததாகக் கூறுகிறது. நள்ளிரவு கடந்ததும் புஞ்சிரிமட்டத்துக்கு மேலே மலை உடைந்தது. அந்த 48 மணி நேரத்தில் பெய்திருந்த மழை 572 மி.மீ. விடிந்தபோது முண்டக்கையும் சூரல்மலையும் பெரும்பாலும் இல்லை; இறந்தவர்கள் 250-க்கும் மேல்.

யார் முன்கூட்டிச் சொன்னார்கள், யார் காதில் வாங்கவில்லை என்று நாடாளுமன்றத்திலும் திருவனந்தபுரத்திலும் சில நாள் வாக்குவாதம் நடந்தது. அதில் நமக்கு வேலையில்லை. அந்த மூன்று அமைப்புகளும் உண்மையில் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. எவ்வளவு மழை பெய்யும் என்பது ஒரு கேள்வி. இந்த மாவட்டத்தில் நாளை சரிவுகள் நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது இன்னொன்று. இந்த ஓடைக்கரையில் இன்றிரவு படுத்துத் தூங்கலாமா என்பது மூன்றாவது. நிலச்சரிவைக் கணிக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்பவர்கள் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். இந்தத் துறையின் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், முதலிரண்டு கேள்விகளில் அறிவியல் நெடுந்தூரம் வந்திருப்பதும் மூன்றாவதில் இன்னும் தடுமாறுவதும் தெரியும். அந்தத் தடுமாற்றத்துக்கு அறிவியல் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம்.

மலைச்சரிவு நிற்பதற்கும் விழுவதற்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஈரமான கடற்கரை மணலில் கோட்டை கட்டலாம். உலர்ந்தாலும் முடியாது, அலை வந்து நனைத்தாலும் நிற்காது. மண்துகள்களுக்கு இடையே கொஞ்சம் நீர் இருக்கும்போது அதுவே துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. துளைகள் நிரம்பிவிட்டால் அதே நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. இந்தத் துளைநீர் அழுத்தம் ஏற ஏற மண்ணின் பிடி குறையும் என்பதை கார்ல் டெர்சாகி நூறாண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார். ஆகவே கணிக்க வேண்டியது, மண்ணுக்குள் எந்த ஆழத்தில் எப்போது அந்த அழுத்தம் எல்லை மீறும் என்பதைத்தான். ஆனால் ஒவ்வொரு மலையிலும் குழி தோண்டி அதை அளக்க முடியாது. அதனால் எல்லோரும் பிடித்துக்கொண்டது மழையை.

1980-இல் நெல் கெய்ன் என்ற புவியியலாளர் உலகெங்கும் நடந்த 73 சரிவுகளின் மழைக் கணக்கைத் திரட்டி, அதற்குக் கீழே சரிவுகள் நடக்காத ஒரு கோட்டை வரைந்தார். ஒரு மணி நேர மழை என்றால் சுமார் 15 மி.மீ.; 24 மணி நேரம் விடாமல் பெய்தால் மணிக்கு 4 மி.மீ. சொச்சம், அதாவது நாளைக்கு ஏறத்தாழ 100 மி.மீ. இன்றைக்கும் இந்தத் துறையில் எந்தக் கட்டுரையும் அந்தக் கோட்டைத் தொடாமல் போவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்பவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றும். தென்மேற்குப் பருவமழையில் ஒரு நாளைக்கு 100 மி.மீ. அங்கே சாதாரண நாள். வயநாட்டின் அபாய எல்லையாக ஹியூம் மையம் சொல்வது, சில நாள் தொடர்மழையில் சேரும் 600 மி.மீ. ஆண்டாண்டாக அடைமழையில் நனைந்து வரும் மலை, தாங்காத மண்ணை எப்போதோ உதிர்த்துவிட்டு, தாங்கும் மண்ணோடுதான் நிற்கிறது. உலகச் சராசரி அதற்குப் பொருந்தாது. இலங்கையில் தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலையகத்துக்கு வைத்திருக்கும் எல்லைகள் வேறு: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற்றம். எண்கள் ஊருக்கு ஊர் மாறுவது அறிவியலின் குழப்பம் அன்று. ஒரு மலையின் எல்லையை அந்த மலையின் பழைய சரிவுகளைக் கொண்டுதான் வகுக்க முடியும். பழைய சரிவுகளின் தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்காத ஊருக்கு எல்லையே கிடையாது.

நிகழ்நேர எச்சரிக்கையை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது கலிபோர்னியா. 1982 ஜனவரிப் புயலில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் சரிவுகளில் 25 பேர் இறந்தார்கள். அந்தப் புயலின் கணக்கிலிருந்து எல்லைகளை வகுத்து, வானொலி வழியாகத் தானாகச் செய்தி அனுப்பும் மழைமானிகளோடு இணைத்து, 1986 பிப்ரவரிப் பெருமழையில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகமும் வானிலைச் சேவையும் சேர்ந்து எச்சரிக்கை வெளியிட்டன. பல சரிவுகள் சொன்ன நேரத்தை ஒட்டியே நடந்தன. இவ்வளவு நன்றாக வேலை செய்த அமைப்பு 1995-இல் மூடப்பட்டது. கணிப்பு பொய்த்ததால் அல்ல, ஆளும் பணமும் இல்லாமல் போனதால். எச்சரிக்கை அமைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன. பேரிடர் நடந்த மறுமாதம் கருவி வாங்கப் பணம் வரும். ஏழாவது ஆண்டு பேட்டரி மாற்றப் பணம் வராது.

சாகாமல் நீடித்ததற்கு ஹாங்காங் நல்ல சான்று. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் சௌ மௌ பிங், போ ஷான் சாலை ஆகிய இரண்டு இடங்களில் சரிவு. 138 பேர் இறந்தார்கள். 1976-இல் அதே சௌ மௌ பிங்கில் மறுபடியும் 18 பேர். மறு ஆண்டே மலைச்சரிவுகளைக் கவனிக்கத் தனி அலுவலகம் பிறந்தது. நிலச்சரிவு எச்சரிக்கையும் தொடங்கியது. இன்று நகரில் ஏறத்தாழ 60,000 செயற்கைச் சரிவுகளுக்கு எண் போட்டுப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். மழைமானிகளின் அளவையும், அடுத்த சில மணி நேரத்துக்கு ரேடார் தரும் மழைக் கணிப்பையும் சேர்த்துப் பார்த்து, நகரில் இத்தனை சரிவுகள் நடக்கும் என்று எதிர்பார்க்கும்போது எச்சரிக்கை விடுகிறார்கள். எந்தச் சரிவு விழும் என்று அது சொல்வதில்லை. ஆனால் ஹாங்காங்கில் சாவு குறைந்ததற்கு எச்சரிக்கை ஒரு பங்குதான். பெரும்பங்கு, பதிவேட்டில் இருந்த சரிவுகளை ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுத்தியதற்கு உரியது. பணக்கார நகரம், சிறிய நிலப்பரப்பு. இந்தியாவில் சரிவு அபாயம் உள்ள நிலம் சுமார் 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர் என்கிறது புவியியல் ஆய்வுத் துறை. ஹாங்காங்கின் வழியை அப்படியே எடுத்துக்கொண்டு வர முடியாது.

ஜப்பான் இன்னொரு படி போனது. பெய்த மழை மண்ணில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று ஓட்டைத் தொட்டிகளை வைத்ததுபோல் கணக்கிடும் மண்நீர்க் குறியீடு அவர்களுடையது. அதையும் ஒரு மணி நேர மழையையும் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கை விடும் முறை 2005 முதல் நடைமுறைக்கு வந்தது. நேற்றைய மழையையும் போன வார மழையையும் மறக்காத முறை என்பதால் இது வெறும் மழை எல்லையைவிட மேலானது. ஆனாலும் 2014 ஆகஸ்ட் 20 ஹிரோஷிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை அதிகாலை 1.15-க்கு வந்துவிட்டது. சரிவுகள் 3 மணியை ஒட்டித் தொடங்கின. குடியிருப்புகளைக் காலி செய்யும்படி நகராட்சி அறிவித்தபோது மணி 4 தாண்டியிருந்தது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துவிட்டார்கள். உலகின் மிகச் சிறந்த கணக்கு, உலகின் மிக ஒழுங்கான நகராட்சிகளில் ஒன்று. இடையில் யாரோ, கொட்டும் மழையில் இருட்டில் மக்களை வெளியே வரச் சொல்வது அதைவிட ஆபத்தில்லையா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த யோசனையையும் முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது.

செயற்கைக்கோள் வழியை வேகமாகக் கடந்துவிடலாம். மழை அளக்கும் செயற்கைக்கோள்களின் தரவைக் கொண்டு உலகம் முழுவதற்கும் சரிவு அபாய வரைபடம் போடும் நாசாவின் லாசா முறை, எந்த நாட்டில் இன்று கண் வைக்க வேண்டும் என்று பார்க்கப் பயன்படும். எந்தத் தெருவில் என்பதற்கு உதவாது. மலை மெல்ல நகர்வதை மில்லிமீட்டர் அளவில் காட்டக்கூடிய ரேடார் செயற்கைக்கோள்கள் வேறு வகை. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார், வயநாட்டுச் சரிவு நடந்து சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அது ஒரே இடத்துக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். மெல்ல நகரும் மலைக்கு அது தாராளம். ஓர் இரவில் உடையும் மலைக்கு அல்ல.

மெல்ல நகரும் மலைகள் தனி உலகம். அங்கேதான் கணிப்பு மாயாஜாலம் போலத் தோன்றும். விழப்போகும் மலை வேகம் கூட்டிக்கொண்டே வரும். அந்த வேகத்தின் தலைகீழ் மதிப்பை நாள்வாரியாக வரைந்து கோட்டை நீட்டினால், அது சுழியைத் தொடும் இடத்தில் சரியும் நேரம் கிடைக்கும். ஜப்பானில் சைட்டோ 1960-களில் போட்ட அடித்தளத்தின்மேல் ஃபுகுசோனோ 1985-இல் இதைத் தெளிவாக்கினார். சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்தை இந்த அறிவுதான் 2023 மே மாதம் காலி செய்ய வைத்தது. ஜூன் 15 இரவு ஏறத்தாழ 12 லட்சம் கன மீட்டர் பாறை இறங்கி ஊருக்குச் சற்று முன்னால் நின்றது. 2025 மே 28 அன்று பிர்ச் பனியாறு உடைந்து பிளாட்டன் கிராமத்தை மூடியபோதும், சுமார் 300 பேரும் ஒன்பது நாளுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். படங்களைப் பார்த்துவிட்டு, நம் மலைகளுக்கு ஏன் இது இல்லை என்று கேட்பது இயல்பு. மலைக்கு எதிரே ரேடாரை வைத்து வாரக்கணக்கில் பார்க்க அங்கே நகர்வு இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பாலும் நடப்பது, பாறைமேல் போர்வையாகக் கிடக்கும் மண் முதல்முறையாகப் பிய்த்துக்கொண்டு போவது. முன்தின மாலை வரை அது நகர்வதே இல்லை.

இருந்தும் மண்ணுக்குள் கருவி புதைத்துப் பார்த்தவர்கள் நம்மிடம் உண்டு. 2005-இல் சரிவு கண்ட மூணாறு அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா வினோதினி ரமேஷ் குழு 2009 வாக்கில் கம்பியில்லா உணரிகளின் வலையை நிறுவியது: துளைநீர் அழுத்தம், ஈரம், சாய்வு, அதிர்வு எல்லாம் அளப்பவை. பிறகு சிக்கிமின் சாந்த்மாரியிலும் நிறுவினார்கள். இமாச்சலில் ஐ.ஐ.டி. மண்டி குழு, 2017-இல் 46 பேர் இறந்த கோட்ரோப்பியில் தொடங்கி மலிவு விலைக் கருவிகளைச் சாலையோரச் சரிவுகளில் வைத்துவருகிறது. நல்ல வேலைகள். ஆனால் இவை எல்லாமே ஏற்கெனவே பெயர் கெட்ட மலையைக் காவல் காக்கின்றன. முண்டக்கைக்கு மேலே இருந்தது போன்ற ஆயிரம் சரிவுகளில் எதில் புதைப்பது?

சரிந்த மண், ஓடைத் தண்ணீரோடு கலந்து, பாறையையும் மரத்தையும் வாரிக்கொண்டு பாய்வதுதான் கற்சேற்றுப் பெருக்கு. மலையாளத்தில் உருள்பொட்டல் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு இன்னொரு வகை எச்சரிக்கை உண்டு. மேலே கிளம்பிவிட்டதைக் கண்டுபிடித்துக் கீழே சொல்வது. ஓடைக்குக் குறுக்கே கம்பி கட்டி அது அறுந்தால் மணி அடிக்க வைப்பது பழைய முறை. இப்போது கரையில் புதைத்த ஜியோபோன்கள் நில அதிர்வைக் கேட்கின்றன. சுவிட்சர்லாந்தின் இல்கிராபன் ஓடையில் ஆண்டுக்குச் சில முறையாவது பெருக்கு வரும். அங்கே 2007 முதல் இப்படி ஒரு அமைப்பு இயங்குகிறது. கிடைப்பது நிமிடக் கணக்கில்தான். நியூசிலாந்தின் ருவாபெஹு எரிமலையில் 1953 கிறிஸ்துமசுக்கு முந்தைய இரவு ஏரி உடைந்து வந்த சேறு, தங்கிவாய் ரயில் பாலத்தைத் தகர்க்க, 151 பேர் இறந்தார்கள். 2007 மார்ச் 18-இல் அதே ஏரி மறுபடி உடைந்தபோது கருவிகள் கத்தின, ரயிலும் சாலையும் நிறுத்தப்பட்டன, ஒருவரும் சாகவில்லை. மாறாக 1985-இல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தபோது, சேறு அர்மேரோ நகரை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அபாய வரைபடமும் முன்பே கையில் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நகரைக் காலி செய்ய யாரும் ஆணையிடவில்லை. சுமார் 23,000 பேர்.

வயநாட்டில் பெருக்கு ஓடிய தூரம் சுமார் 8 கி.மீ. என்று இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் படமெடுத்துச் சொன்னது. வினாடிக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், உச்சியிலிருந்து கடைக்கோடி வரை 13 நிமிடம். புஞ்சிரிமட்டத்துக்கு அதில் மிகச் சிறு பங்கே கிடைத்திருக்கும். எனவே உச்சியில் ஜியோபோன் இருந்திருந்தால் கீழே உள்ளவர்கள் சிலர் தப்பியிருக்கலாம். மேலே உள்ளவர்கள் தப்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு மழைக் கணக்கு ஒன்றுதான் வழி. அதே சமயம் மழைக் கணக்கை மட்டும் நம்புவதும் ஒற்றைக்கண் பார்வை. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் பனியும் பாறையும் சேர்ந்து உடைந்து தபோவன் நீர்மின் திட்டத்தை வாரிக்கொண்டு போனது தெளிந்த வானத்தின் கீழ்.

இனி நம் மலைகளுக்கு வருவோம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து நடத்திய லேண்ட்ஸ்லிப் திட்டம் டார்ஜிலிங்கையும் நீலகிரியையும் சோதனைக் களமாக எடுத்துக்கொண்டு, 2020 பருவமழை முதல் அறிக்கைகளை வெளியிட்டுப் பார்த்தது. நீலகிரியைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை; 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சரிவுகளுக்குப் பறிகொடுத்த மாவட்டம். அதன் தொடர்ச்சியாகக் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையம் திறக்கப்பட்டது 2024 ஜூலை 19-இல், வயநாட்டுக்குப் பதினோரு நாள் முன்னால். அந்த மையத்தின் வழிமுறை உலகில் மற்றவர்கள் செய்வதுதான்: எங்கே சரியக்கூடும் என்ற வரைபடத்தின்மேல் மழை முன்கணிப்பைப் போர்த்துவது. பிழை என்னவென்றால், மழை முன்கணிப்பு 204 மி.மீ.-க்குள் என்று இருந்தால் அதன்மேல் கட்டிய எதுவும், அந்த 48 மணி நேரத்தின் பிற்பாதியாக வந்த, 372 மி.மீ. பெய்த நாளைப் பிடிக்காது. அந்த நாளைப் பிடித்தது, வேண்டிய இடத்தில் இருந்த ஒரு வாளியும் அளவுகோலும்தான் என்று சொன்னால் சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் மலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளினால் மழை பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறும் என்பதைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த எவரும் சொல்வார்கள்.

தோட்டம் என்று சொன்னேன். தமிழர்களுக்கு இந்த விஷயத்தோடு உள்ள உறவு அங்கேதான் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளின் மேல் மலை இறங்கி 70 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் தூத்துக்குடிப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் சேதியே மறுநாள் காலைதான் போனது. கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் எந்தத் திட்டமும் அன்றிரவு அங்கே எட்டியிருக்காது. 2014 அக்டோபர் 29 காலை, இலங்கையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறு இடத்தில் குடியமர்த்துங்கள் என்று 2005-லும் 2011-லும் சொல்லப்பட்டிருந்தது. மணிக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் கிடைத்த எச்சரிக்கை அது. எங்கே போவது என்பதற்கு மட்டும் விடை இல்லை. ஓடையோரத்திலும் சரிவின் அடியிலும் வரிசை வீடுகளைக் கட்டியவர்கள் தேயிலைக்கு நல்ல நிலத்தை விட்டுவைத்துவிட்டுக் கட்டினார்கள். குடியிருப்பவர்களுக்கு அந்தச் சுவர் சொந்தமில்லை.

இங்கேதான் எல்லை என்ற எண்ணின் இன்னொரு முகம் தெரிகிறது. எல்லையைக் கீழே வைத்தால் எந்தச் சரிவும் தப்பாது, ஆனால் வீண் எச்சரிக்கை பெருகும். மேலே வைத்தால் வீண் எச்சரிக்கை குறையும், ஒரு நாள் ஒரு ஊருக்கு எச்சரிக்கையே வராமல் போகும். ஆய்வுக் கட்டுரைகள் இந்த இரண்டு பிழைகளுக்கும் நடுவே உகந்த புள்ளியைக் கணிதத்தில் தேடுகின்றன. வீண் எச்சரிக்கையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கணிதத்துக்குள் வருவதில்லை. இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், ஒன்றும் நடக்காமல் மூன்று நாள் கழித்துத் திரும்பி வரும் தொழிலாளிக்கு மூன்று நாள் கூலி போகிறது; ஆடு மாடு கட்டுத்தறியில் கிடக்கிறது. பருவமழைக்குள் நான்கு முறை இப்படி ஆனால் ஐந்தாவது முறை அவர் வரமாட்டார். அதை அறியாமை என்று எழுதுவது அறிக்கை எழுதுபவர்களின் சோம்பல். அவர் போட்டது சரியான கணக்கு; கூலியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது.

எனவே, நம் மலைகளில் முதல் பணத்தை எதில் போடுவது என்று என்னைக் கேட்டால், விலையுயர்ந்த உணரிகளுக்கு முன்பாக, ஒவ்வொரு எஸ்டேட் பிரிவுக்கும் ஒரு மழைமானியும், மழை வலுக்கும் இரவில் மணிக்கொரு தரம் அதைப் பார்த்துச் சொல்பவருக்குச் சம்பளமும் என்பேன். எந்த எண்ணைத் தொட்டால் எந்த வரிசை வீடுகள் காலியாக வேண்டும் என்பது மழைக்காலம் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த இரவில் கலெக்டரின் ஆணைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஹிரோஷிமாவில் வீணான நேரம் அந்தக் காத்திருப்புதான். 2024 டிசம்பர் 1-இல் திருவண்ணாமலையில் வ.உ.சி. நகரின் மேல் மலை சரிந்து ஏழு பேர் இறந்ததைப் பார்த்த பிறகு, இதை நீலகிரிக்கும் வால்பாறைக்கும் மட்டுமான ஏற்பாடாக வைத்துக்கொள்ளவும் முடியாது.

இன்னொன்று செலவுக் கணக்கில் வர வேண்டும். வெளியேறச் சொல்லும் நாளுக்கு முழுக் கூலி. பேரிடர் நிதியில் இறந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, இடிந்த வீட்டுக்கு இவ்வளவு என்று தலைப்புகள் இருக்கின்றன. எச்சரிக்கை பலிக்காமல் போன நாளில், சொன்னதைக் கேட்டு வெளியேறியவருக்குக் கொடுக்க வேண்டிய தொகைக்கும் அங்கே ஒரு தலைப்பு வேண்டும். அதைத் தோட்ட நிர்வாகம் தருவதா, மாநில அரசு தருவதா என்று முடிவு செய்யாமல் எந்த மலைக்கும் எல்லை வகுப்பது அரைவேலை.